கதவு திறக்காத வீட்டுக்கு மறுபடியும் போகிறவர்கள்

களப்பயிற்சிக்கு வரும் சமூகப் பணி மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, இந்தப் படிப்பை ஏன் எடுத்தீர்கள் என்பதுதான். பெரும்பாலும் வரும் பதில், "சேவை செய்ய ஆசை." சிலர் அன்னை தெரசாவைச் சொல்வார்கள். வேறு எதற்கும் இடம் கிடைக்கவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொல்பவர்களும் உண்டு. அந்தத் தயக்கம் தேவையில்லை என்று அவர்களிடம் உடனே சொல்லிவிடுவேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தத் துறையில் வேர் பிடித்து நின்றவர்களை நெடுங்காலமாகப் பார்த்து வருகிறேன். அவர்களில் எத்தனையோ பேர் சேவை என்ற சொல்லை நினைத்துக்கூடப் பார்க்காமல் வேலைக்கு வந்தவர்கள்.

பால்வாடி என்று ஊரில் அழைக்கப்படும் அங்கன்வாடியை எடுத்துக்கொள்ளுங்கள். கணவனை இழந்தவர்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் அந்தப் பணியில் முன்னுரிமை உண்டு. கையில் ஒரு குழந்தை, திரும்பிப் போனால் அண்ணன் வீட்டில் ஓரமாக ஒரு பாய். அந்த நிலையில் இருக்கும் பெண், உள்ளூரிலேயே ஒரு சம்பளம் கிடைக்கும் என்றுதான் விண்ணப்பம் போடுகிறாள். அதில் என்ன குறை? பசிக்காக வந்தவள் ஊர்ப் பிள்ளைகளின் பசியை அறிந்தவளாக இருப்பாள். நோக்கம் முதலில் வந்து, வேலை அதன் பின்னால் வரும் என்று பாடப்புத்தகங்களில் எழுதியிருக்கிறது. நான் பார்த்தவரையில் முதலில் வேலை வருகிறது. ஒரு பிள்ளை தேறுகிறது, ஒரு பிரசவம் நல்லபடியாக முடிகிறது. நாம் போகவில்லை என்றால் அங்கே யாரும் போகமாட்டார்கள் என்று ஒருநாள் அவர்களுக்கே தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவர்களை அந்த வேலையிலிருந்து பிரிக்க முடிவதில்லை.

பென்னாகரம் பக்கத்துக் குக்கிராமம் ஒன்றில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பெற்றோர் இருவரும் கட்டட வேலைக்குப் பெங்களூரு போய்விட்டார்கள். எங்கள் மாவட்டத்தில் இது வீட்டுக்கு வீடு நடப்பது. இரண்டு வயதுப் பெண் குழந்தை பாட்டியிடம் வளர்கிறது. மாதந்தோறும் எடை பார்க்க வேண்டும். பாட்டி குழந்தையைக் கொண்டுவருவதே இல்லை. எடை போட்டால் பிள்ளை இளைத்துப் போய்விடும், கண்பட்டுவிடும் என்பது அவருடைய பயம்.

அங்கன்வாடி ஆசிரியை தொங்கும் தராசைத் தோள்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். வந்தவர் எடையைப் பற்றிப் பேசவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து, கொடுத்த கூழைக் குடித்தார். புளி இந்த ஆண்டு எப்படி, மகன் பணம் அனுப்பினானா, ஆடு எத்தனை குட்டி போட்டது என்று பேச்சு எங்கெங்கோ போனது. பிறகு தராசை வாசலில் இருந்த வேப்பமரக் கிளையில் மாட்டினார். குழந்தையைத் தூக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த ஆட்டுக்குட்டியைப் பிடித்து, குழந்தைக்கான துணித் தொட்டிலில் அதன் கால்களை நுழைத்துத் தொங்கவிட்டார்.

"ஆயா, முதலில் இது இளைக்கிறதா என்று பார்த்துவிடுவோம். இது இளைத்தால் உங்கள் பேத்தியை நான் தொடவே மாட்டேன்."

பாட்டி வாய்விட்டுச் சிரித்தார். சுற்றி நின்ற பெண்களும் சிரித்தார்கள். ஆட்டுக்குட்டி கத்திய கத்தலில் குழந்தையும் கைதட்டியது. அதன் பிறகு ஆசிரியை வீட்டுக்குள் இருந்து மை டப்பாவைக் கேட்டு வாங்கி, குழந்தையின் கன்னத்தில் தன் கையாலேயே பொட்டு வைத்தார். "இனி எந்தக் கண்ணும் படாது, வாடி கண்ணு" என்று தூக்கித் தொட்டிலில் உட்காரவைத்தார். முள் 8 கிலோ 400 கிராமில் நின்றது. வளர்ச்சி அட்டையில் அது மஞ்சள் பட்டை, வயதுக்கு எடை போதவில்லை என்று பொருள். நான் எட்டிப் பார்த்தேன். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

அக்கம்பக்கத்துப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரில் பிள்ளைக்கு எடை போதவில்லை என்று சொன்னால், தாயில்லா நேரத்தில் பாட்டி சரியாக வளர்க்கவில்லை என்ற பேச்சு ஊரெல்லாம் பரவும். எல்லோரும் கலைந்து போகும்வரை அவர் கிளம்பவில்லை. பிறகுதான், களியோடு தினம் ஒரு முட்டை, சத்துமாவைக் கஞ்சியாகக் குடிக்காவிட்டால் வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்துக் கொடுப்பது, ஒரே நேரத்தில் நிறைய ஊட்டாமல் நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுப்பது என்று பாட்டியிடம் மெல்லச் சொன்னார். பெங்களூருவில் இருக்கும் தாயின் கைபேசி எண்ணையும் வாங்கிக்கொண்டார். வேலை முடிந்து அவள் கொட்டகைக்கு வரும் நேரம் பார்த்து இரவில் பேசப்போவதாகச் சொன்னார்.

அன்று அவர் பொய் ஏதும் சொல்லவில்லை. எடை போட்டால் இளைக்கும் என்ற நம்பிக்கையை ஒப்புக்கொள்ளவும் இல்லை, அதை மூடநம்பிக்கை என்று திட்டவும் இல்லை. பாட்டியின் பயம் பேத்தி மேல் உள்ள பாசத்திலிருந்து வந்தது என்பது அவருக்குப் புரிந்திருந்தது. அனுதாபம், பரிவு, மரியாதை என்று நாங்கள் வகுப்பில் தனித்தனியாகப் பிரித்து நடத்துவதெல்லாம் அந்த வேப்பமரத்தடியில் ஒரே செயலாக நடந்தது. பரிவு உள்ளவர்கள் உலகத்தில் நிறைய இருக்கிறார்கள். கூழைக் குடித்து முடிக்கும்வரை காத்திருக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

காத்திருப்பது ஒன்று என்றால், திரும்பத் திரும்பப் போவது இன்னொன்று. இந்த வேலையின் உயிர்நாடி அதுதான் என்று நினைக்கிறேன். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் பணியில் இருப்பவர்களைக் கவனித்தால் இது தெரியும். எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் இந்தச் சிக்கல் இன்னும் ஓயவில்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆகியிருக்க வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு யாராவது தகவல் கொடுப்பார்கள். சமூக நலத் துறையினரும் காவல்துறையினரும் போவார்கள். பந்தல் பிரிக்கப்படும். பெற்றோர் எழுதிக் கொடுப்பார்கள். மறுநாள் செய்தித்தாளில் 'திருமணம் தடுத்து நிறுத்தம்' என்று நாலு வரி வரும். பலருக்கு விஷயம் அத்துடன் முடிந்துவிடுகிறது. அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் தொடங்குகிறது. அவள் இருப்பது அதே வீடு. செலவழித்த பணம், போன மானம், உறவுக்காரர்களின் ஏச்சு எல்லாம் அவள் தலையில் விழுகின்றன. மாநில எல்லைகள் கூப்பிடு தூரத்தில் இருக்கும் பகுதி இது. ஊர் அடங்கிய பிறகு அந்தப் பக்கம் ஏதாவது ஒரு கோயிலில் வைத்துத் தாலி கட்டி முடித்துவிடுவதும் உண்டு.

அதனால் பந்தலைப் பிரித்த பிறகு அந்த வீட்டுக்குப் போகிறவர்தான் முக்கியம். எங்களோடு பணிபுரியும் ஒரு பெண் அப்படிப் போவார். முதல் முறை கதவைச் சாத்துவார்கள். அடுத்த முறை வாசலிலேயே நிற்கவைத்துத் தகப்பன் கண்டபடி பேசுவார். இவர் பதில் பேசாமல் கேட்டுக்கொண்டு, பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வருகிறேன் அண்ணா" என்று சொல்லிவிட்டு வருவார். மறுபடியும் போவார். பெண்ணைப் பெற்றவனின் கோபம் அடங்கி அவன் பேசத் தொடங்கும்போது, உள்ளே இருப்பது பெரும்பாலும் பயம்தான் என்று தெரியவரும். ஒரு வீட்டில் நடந்தது இது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்க வேண்டுமானால் பிள்ளை தூரத்துப் பள்ளிக்குப் போக வேண்டும். மாலையில் திரும்பி வரும் பேருந்தை விட்டால் இருட்டிய பிறகு காட்டுப்பாதையில் நடக்க வேண்டும். தாயும் தகப்பனும் செங்கல் சூளைக்குப் போய்விட்டால் வயதுக்கு வந்த பெண் வீட்டில் தனியாகக் கிடப்பாள். "யாரை நம்பி விட்டுவிட்டுப் போவது, நீங்களே சொல்லுங்கள்" என்றார் அந்த மனிதர். சட்டத்தைப் பற்றிப் பேசியிருந்தால் இந்தக் கேள்வி வெளியே வந்திருக்காது. அரசு மாணவியர் விடுதியில் ஓர் இடம் வாங்கிக் கொடுத்ததும் திருமணப் பேச்சு தானாகவே தள்ளிப்போனது.

எல்லா வீடுகளிலும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. முடியாத வீடுகளும் இருக்கின்றன. அவற்றுக்கும் அந்தப் பெண் போய்க்கொண்டுதான் இருக்கிறார். கல்யாணம் முடிந்துவிட்ட பிள்ளைக்கு இனிப் பிரசவம் வரும், அப்போது தெரிந்த முகம் ஒன்று வேண்டும் என்பது அவர் சொல்லும் காரணம்.

அடுத்தவர் ரகசியத்தை வெளியே விடாமல் வாயைக் கட்டுவது பற்றியும் சொல்ல வேண்டும். நகரத்தில் ஒருவருடைய நோயை மறைத்து வைப்பது எளிது. ஊரில் யார் வீட்டு வாசலில் யார் செருப்பு கிடக்கிறது என்பதே செய்தி. கிருஷ்ணகிரி பக்கம் கிராம சுகாதார செவிலியர் ஒருவர் கையாளும் வழியை இங்கே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். காசநோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்பவர் ஒருவரைப் பார்க்கப் போக வேண்டும். நேராக அந்த வீட்டுக்குப் போனால் தெருவே கணக்குப் போட்டுவிடும். அதனால் அவர் தெருமுனையிலிருந்து வரிசையாக எல்லா வீட்டுக்கும் போவார். ஒரு வீட்டில் தடுப்பூசி அட்டையைப் பார்ப்பார், இன்னொரு வீட்டில் பெரியவருக்கு ரத்த அழுத்தம் பார்ப்பார், அடுத்த வீட்டில் தண்ணீர் குடிப்பார். நோயாளியின் வீடும் அந்த வரிசையில் ஒன்றாகக் கரைந்துபோகும். ஒரே ஒருவருடைய மானத்துக்காக வெயிலில் ஒரு தெரு முழுக்க நடக்கிறார். எந்தப் பதிவேட்டிலும் இதை எழுத ஓர் இடம் கிடையாது.

வாயைக் கட்டுவதோடு, தீர்ப்பு சொல்லாமல் இருப்பதும் சேர்ந்தே வருகிறது. பெண் சிசுக்கொலை எங்கள் மாவட்டத்தின் பெயரைக் கெடுத்த காலம் ஒன்று இருந்தது. வளர்க்க முடியாத பெண் குழந்தையை அரசு வைத்த தொட்டிலில் விட்டுச்செல்ல வழிசெய்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கி, 2001இல் தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் வந்தது. பெண் பிள்ளையைக் கைவிடுவதற்கு அரசே வழிசெய்து கொடுக்கிறதா என்று அதைக் குறை சொன்னவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் தொட்டிலின் அருகில் நிற்கும் செவிலியரின் பக்கத்திலிருந்து அதைப் பாருங்கள். பிள்ளையைக் கொண்டுவந்தவள் ஏற்கனவே நூறு பேரிடம் ஏச்சு வாங்கியவள். அவளிடம் "பெற்றவள்தானா நீ" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அவள் திரும்பிப் போய்விடுவாள், அடுத்து வருகிறவளும் வரமாட்டாள். அதனால் அந்த இடத்தில் வாய் மூடியிருப்பது ஓர் உயிரைக் காக்கும். நெஞ்சுக்குள் கோபம் இருக்கலாம். அதை முகத்தில் காட்டாமல் கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொள்வதற்குப் பழக்கமும் துணிவும் வேண்டும்.

சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையில், அரூர் வட்டத்தில் இருக்கிறது சிட்லிங்கி. மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் அங்கே ஒரு குடிசையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார்கள். இன்று பழங்குடியினர் நலத்துக்கான மருத்துவமனையாக அது வளர்ந்திருக்கிறது. அவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் நகரத்து வசதியை விட்டுவிட்டு வந்தவர்கள் என்பதையே பெரிதாகச் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தது. வெளியிலிருந்து வந்தவர், தான் இல்லாவிட்டாலும் வேலை நடக்க வேண்டும் என்று நினைக்கிறார் அல்லவா, அதுதான் அருமையான குணம். நோய்க்குப் பின்னால் வறுமையும் விளைச்சலும் இருப்பதைப் பார்த்து, அங்கேயே இயற்கை வேளாண்மைக்கு உழவர் சங்கமும், லம்பாடிப் பெண்களின் எம்ப்ராய்டரி வேலைக்குப் 'பொர்கை' என்ற அமைப்பும் பின்னாளில் உருவாயின. சிகிச்சை கேட்டு வந்தவர்களை ஊரை நடத்துகிறவர்களாக மாற்றும் வேலை இது.

உள்ளூர்க்காரர் என்பதன் பலத்தை அரசும் உணர்ந்திருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கப்பட்டது எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும். பாட்டியிடம் தெலுங்கில் மாத்திரைக் கணக்கைச் சொல்லிவிட்டு, எதிர்வீட்டு மருமகளிடம் கன்னடத்தில் நலம் விசாரித்துவிட்டு, பதிவேட்டில் தமிழில் எழுதிக்கொண்டு போகும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். இதை ஒரு தகுதியாக எந்த நேர்காணலிலும் யாரும் மதிப்பெண் போட்டதில்லை.

உள்ளூர்க்காரராக இருப்பதில் பாரமும் இருக்கிறது. இவர்களுக்கு வேலை நேரம் முடிவதே இல்லை. கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் சர்க்கரை அளவைச் சொல்வார். நள்ளிரவில் வலி வந்தால் முதலில் தட்டப்படுவது இவர்கள் கதவு.

தொப்பூர் கணவாயில் நடக்கும் விபத்துகளுக்கு ஓடும் 108 ஊழியர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டில் 2008இல் வந்தது இந்தச் சேவை. இறக்கத்தில் கட்டுப்பாடு இழந்த லாரிகள், நசுங்கிய கார்கள் என்று அவர் பார்க்காத கோரம் இல்லை. எது உங்களை வதைக்கிறது என்று கேட்டேன். ரத்தம் இல்லை, இரவுப்பணியும் இல்லை என்றார். மருத்துவமனையில் ஒப்படைத்த பிறகு அந்த ஆள் பிழைத்தாரா இல்லையா என்று யாரும் தெரியப்படுத்துவதில்லை, அதுதான். அதனால் பணி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் வார்டுக்குப் போய், தான் கொண்டுவந்தவர் எந்தக் கட்டிலில் இருக்கிறார் என்று தேடுவாராம். சில நாள் கட்டில் காலியாக இருக்கும். அதையும் தெரிந்துகொண்டு போனால்தான் தூக்கம் வருகிறது என்றார். மனச்சோர்வு, இரக்கச் சோர்வு என்று கருத்தரங்குகளில் பேசுகிறோம். செய்த வேலையின் முடிவைத் தெரிந்துகொள்ளும் உரிமையை இவர்களுக்குக் கொடுத்தாலே பாதிச் சோர்வு தீரும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

இனிச் சொல்லப்போவதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். மேடையில் இவர்களைத் தெய்வம் என்பார்கள், தாய் என்பார்கள், தியாகம் என்பார்கள். சம்பளம் என்று வரும்போது மட்டும் தன்னார்வலர், மதிப்பூதியம் என்ற சொற்கள் வந்துவிடும். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2இல் தொடங்கியது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022 ஏப்ரல் 25இல். இடையில் எத்தனை பேர் வெறுங்கையோடு ஓய்வு பெற்று வீட்டுக்குப் போனார்கள்? மலைப்பகுதிகளில் பணிபுரியும் ஆஷா எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளர்கள் இன்றும் பெரும்பாலும் செய்த வேலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துத்தான் ஊக்கத்தொகை பெறுகிறார்கள். வாசலில் கேட்ட ஏச்சுக்கும், திறக்காத கதவுக்குப் போய்வந்த நடைக்கும் அந்தக் கணக்கில் இடமே இல்லை.

நல்ல மனம் உள்ளவர்களுக்குப் பணம் பெரிதில்லை என்பது வசதியான பொய். மனம் நன்றாக இருப்பவருக்கும் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும், பேருந்தில் டிக்கெட் எடுக்க வேண்டும். சம்பளத்தைப் பற்றிப் பேசும் பணியாளரை அக்கறை இல்லாதவர் என்று நினைக்கிற மேலதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். என் கண்ணில் பட்டது நேர்மாறானது. சங்கத்தில் முன்னால் நின்று ஊதிய உயர்வு கேட்கும் ஆசிரியையின் மையத்தில்தான் பிள்ளைகளின் வளர்ச்சி அட்டை விடுபடாமல் நிரப்பப்பட்டிருக்கும். தன் உழைப்பை மதிக்கத் தெரிந்தவர், எதிரில் நிற்கும் ஏழைக்கும் உரிமை உண்டு என்பதை எளிதில் உணர்கிறார். அவர் கொடுப்பது பிச்சையாக இருப்பதில்லை. மகப்பேறு உதவித்தொகையை ஒரு தாய்க்கு வாங்கிக் கொடுக்க அவர் வங்கிக்கும் சுகாதார நிலையத்துக்கும் அலையும்போது, "உனக்கு வர வேண்டியது" என்றுதான் சொல்வார். தான் செய்த உதவி என்று சொல்லிக்கொள்ள மாட்டார்.

வேலையை விட்டுப் போனவர்களைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். சேவை ஆசை கொழுந்துவிட்டு எரிய வந்த சிலர் சில மாதங்களில் போய்விட்டார்கள். மக்கள் நன்றி சொல்லவில்லை என்பது அவர்களுடைய வருத்தம். நன்றியை எதிர்பார்த்து வந்தால் இந்த மலைக்கிராமங்கள் ஏமாற்றத்தைத்தான் தரும். ஆனால் திறமையும் பொறுமையும் இருந்தும் போனவர்கள் அவர்களைவிட அதிகம். அவர்களை அனுப்பியது மனக்குறை இல்லை. துணை சுகாதார நிலையத்தில் தண்ணீர் வராத கழிப்பறை, தாழ்ப்பாள் சரியில்லாத குடியிருப்பு, இருட்டிய பிறகு தனியாகப் போக வேண்டிய பாதை, ஒரே தகவலை மூன்று பதிவேட்டிலும் ஒரு கைபேசிச் செயலியிலும் ஏற்ற வேண்டிய தொல்லை. குணத்தைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

அடுத்த கிராம சபை கூடும்போது, அது ஆகஸ்ட் 15 ஆனாலும் அக்டோபர் 2 ஆனாலும், போய் உட்காருங்கள். உங்கள் ஊர் நர்சம்மாவும் அங்கன்வாடி ஆசிரியையும் அங்கே வந்திருப்பார்கள். அரசு வேலையில் இருப்பதால் தங்கள் குறையைத் தாங்களே பேசத் தயங்குவார்கள். அவர்களுக்காக நீங்கள் எழுந்து கேளுங்கள். துணை சுகாதார நிலையத்துக்குக் குடிநீர் இணைப்பு, வாசலில் ஒரு தெருவிளக்கு, கழிப்பறைக்குக் கதவு, மாலையில் மலைக்கு ஏறும் கடைசிப் பேருந்து நேரம் மாறாமல் வர வேண்டும் என்று ஒரு தீர்மானம். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.